பெரிய விமானந்தாங்கி மாடல் சாய்ந்தால், ஒழுகினால், சுற்றினால்: முதலில் எங்கே கை வைப்பது

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007லிருந்து பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, நடுவே வெள்ளீயம் தோண்டிவிட்ட பழைய ஈயக்குட்டைகள். நான் செம்பனை ஆலைப் பட்டறையில் பிட்டராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு கட்டியது, ரிமோட்டில் ஓடும் ஐஎன்எஸ் விக்ராந்த் மாடல். இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்த். பிரிட்டனில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் 1945இல் நீரில் இறங்கி, பாதிக் கட்டுமானத்தோடு கிடந்து, இந்தியா வாங்கி முடித்து, 1961 மார்ச்சில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த கப்பல். 1971 போர்ச் செய்தியில் அதன் பெயர் வரும்போதெல்லாம் எங்கள் லயத்தில் வானொலியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அந்தப் பெயர் மனதில் தங்கிவிட்டது.

அளவு நூறில் ஒன்று. அசல் 213 மீட்டர் நீளம், அதனால் மாடல் 2 மீட்டர் 13 சென்டிமீட்டர். மேல்தளம் 39 செ.மீ. அகலம், தண்ணீர்க் கோட்டில் உடம்பு 24 செ.மீ.தான். அசலின் முழு எடை ஏறக்குறைய 19,500 டன். நீளம், அகலம், ஆழம் மூன்றும் நூறில் ஒன்றாகக் குறைவதால் எடை பத்து லட்சத்தில் ஒன்றாகிறது. ஆக மாடல் சரியான கோட்டில் மிதக்க 19½ கிலோ இருக்க வேண்டும். இந்த எண்ணை மனதில் வையுங்கள். கீழே சொல்லப்போகிற கோளாறுகளில் பாதி, எடை தப்பான இடத்தில் இருப்பதால் வருபவை. மீதி பாதிக்குக் காரணம் நம் ஊர் ஈரம்.

என் கப்பலில் மட்டும் பார்த்ததை வைத்து இதை எழுதவில்லை. ஊரிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் நாலைந்து பேர் பெரிய கப்பல் கட்டியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அதே கோளாறு அதே வரிசையில்தான் வருகிறது.

குட்டைக்குப் போகுமுன் ஒரு தொட்டி

இவ்வளவு நீளக் கப்பல் எந்தக் குளியல் தொட்டியிலும் அடங்காது. வீட்டு முன்வாசலில் செங்கல்லை இரண்டரை மீட்டர் நீளம், அறுபது செ.மீ. அகலத்துக்கு அடுக்கி, மேலே தார்ப்பாய் விரியுங்கள். தண்ணீர் பதினைந்து செ.மீ. நின்றால் போதும், கப்பல் ஏழரை செ.மீ.கூட மூழ்காது. ஏறத்தாழ 225 லிட்டர் பிடிக்கும். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் சோதனை இந்தத் தொட்டியில்தான். குட்டைக்கரையில் குனிந்துகொண்டு திறப்பதும் மூடுவதும் திருகாணியைத் தண்ணீரில் தொலைக்கத்தான் உதவும்.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர் ஒன்று, மீன் நிறுக்கும் தொங்கு தராசு, முகத்துக்குப் பூசும் பவுடர், பழைய நாளிதழ், டயர் கடையில் கேட்டால் கிடைக்கும் பழைய ஈயக்கட்டிகள்.

1. சும்மா நிற்கும்போதே ஒரு பக்கம் சாய்கிறது

*வலப்பக்கம் சாய்ந்தால்.* விமானந்தாங்கியின் கோபுரம் வலப்பக்க ஓரத்தில் நிற்கிறது. மாடலிலும் அப்படியே. அந்தப் பக்கம் சாய்வது இயற்கை, பயப்பட வேண்டாம். கோபுரத்தைக் கழற்றித் தராசில் தொங்கவிடுங்கள். என்னுடையது 600 கிராம், கப்பலின் நடுக்கோட்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. 600ஐ 15ஆல் பெருக்கினால் 9,000. உள்ளே இரண்டு பேட்டரி, இரண்டும் சேர்த்து 4,400 கிராம். 9,000ஐ 4,400ஆல் வகுத்தால் இரண்டு செ.மீ. சொச்சம். இரண்டு பேட்டரியையும் இடப்பக்கம் இரண்டு செ.மீ. நகர்த்தினேன், கப்பல் நிமிர்ந்துவிட்டது. புதிதாக ஒரு கிராம்கூடச் சேர்க்கவில்லை.

பலர் இங்கே அவசரப்பட்டு இடப்பக்கம் ஈயத்தை ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் மொத்த எடை கூடுகிறது, தண்ணீர்க் கோடு மறைகிறது. இந்த அளவுக் கப்பல் ஏறத்தாழ 340 கிராமுக்கு ஒரு மில்லிமீட்டர் மூழ்கும். ஒரு கிலோ ஈயம் என்றால் மூன்று மில்லிமீட்டர் போச்சு. இருப்பதை நகர்த்திப் பாருங்கள், போதாவிட்டால் மட்டும் ஈயம்.

*இடப்பக்கம் சாய்ந்தால்.* பேட்டரி நகர்ந்திருக்கிறது. வண்டியில் கொண்டுவந்த அன்றைக்குத்தான் இது பெரும்பாலும் நடக்கும். பேட்டரிக்கு மரச்சட்டம் அடித்து வார் போட்டுக் கட்டுங்கள். பேட்டரி அதன் இடத்திலேயே இருந்தால் 3ஆம் பகுதிக்குப் போங்கள், உள்ளே தண்ணீர் இருக்கிறது.

*இன்றைக்கு ஒரு பக்கம், நாளைக்கு மறுபக்கம் என்றால்.* அது சாய்வுக் கோளாறு இல்லை. அடுத்த பகுதி.

2. நேராக நிற்கிறது, திரும்பும்போது படுத்துவிடுகிறது

எனக்கு அதிகக் கவலை கொடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் தடவை குட்டையில் இறக்கிய அன்று கப்பல் அழகாக நேர்க்கோட்டில் போனது. கரையில் அக்காள் மகன் ரிமோட்டைப் பிடித்திருந்தான். சுக்கானை முழுதாக ஒடித்தான். கப்பலின் மூக்கு இடப்பக்கம் திரும்பியது, உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது அப்படியே நின்றது. "மாமா, திரும்ப மாட்டேங்குது" என்றான். மேல்தள ஓரம் தண்ணீரைத் தொட்டுவிட்டது. வேகத்தைக் குறைத்ததும் கப்பல் மெதுவாக, யோசித்து யோசித்து எழுந்தது. அந்த மெதுவைத்தான் கவனிக்க வேண்டும்.

சோதனை இது. தொட்டியில் மேல்தளத்தின் ஓரத்தை ஒரு விரலால் இரண்டு செ.மீ. அழுத்திவிட்டு விடுங்கள். கப்பல் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஆடும். ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது போய்த் திரும்பி வர, எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பத்து ஆட்டம் எண்ணிப் பத்தால் வகுத்தால் கணக்குச் சரியாக வரும், இடையில் ஆட்டம் அடங்கினால் மறுபடி அழுத்திக்கொள்ளலாம். என் கப்பலில் இப்போது ஒன்றரையிலிருந்து இரண்டு விநாடி. அன்றைக்கு மூன்றரை. மூன்றைத் தாண்டினால் தலை கனக்கிறது என்று அர்த்தம், குட்டையில் இறக்காதீர்கள்.

தலை கனத்தால் எளியதிலிருந்து பார்த்து வாருங்கள்.

விமானங்களை எடுத்துவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். சீ ஹாக் ஒன்று 12 செ.மீ. நீளம், அலிஸே அதைவிடப் பெரியது. ஒவ்வொன்றும் 25 கிராம் என்றால்கூடப் பன்னிரண்டு நிறுத்தினால் 300 கிராம், அதுவும் கப்பலின் உச்சியில். விமானங்களை எடுத்ததும் ஆட்டம் சீக்கிரமாகிவிட்டால், ஓட்டும் நாளில் ஆறு மட்டும் நிறுத்துங்கள். காட்சிக்கு வைக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்ளலாம்.

அது போதாவிட்டால் பேட்டரியைப் பாருங்கள். கப்பலில் தனியாகக் கனமான பொருள் அதுதான். அது பலகை மேல் உட்கார்ந்திருந்தால் பலகையை எடுத்துவிட்டு, ஏராக்கட்டையை (அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்புக் கட்டையை) ஒட்டி அடியிலேயே உட்கார வையுங்கள். நான்கு செ.மீ. கீழே இறக்கியதுமே என் கப்பலின் ஆட்டம் மூன்றரையிலிருந்து இரண்டரைக்கு வந்தது.

இன்னும் போதவில்லை என்றால் மேல்தளத்தின் பலகைத் தடிமன். 3 மி.மீ. பிளைவுட்டுக்குப் பதில் 5 மி.மீ. போட்டால் மேல்தளம் மட்டும் 800 கிராமுக்கு மேல் கூடிவிடும். அதை மாற்றுவது பெரிய வேலை. அதனால்தான் கட்டும்போதே ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து எழுதிவைக்கச் சொல்கிறேன். என் நோட்டுப்புத்தகக் கணக்கு இது: உடல் 6½ கிலோ, தண்ணீருக்கு மேலே உள்ள எல்லாம் சேர்த்து 3.8, பேட்டரி 4.4, மோட்டார் வகையறா 1.8, ஈயம் 3. கூட்டினால் 19½. மேலே உள்ளது நாலரைக் கிலோவைத் தாண்டினால் ஈயத்தால் சமாளிக்க முடியாது, ஏனென்றால் ஈயம் போடக் கணக்கில் இடமே இருக்காது.

வேகத்தையும் பாருங்கள். அசல் கப்பலின் உச்சம் ஏறக்குறைய 25 நாட். நூறில் ஒன்று மாடலுக்கு அதை நூறின் வர்க்கமூலமான பத்தால் வகுக்க வேண்டும். இரண்டரை நாட், மணிக்கு நாலரைக் கிலோமீட்டர் சொச்சம். கரையில் ஒருவர் எட்டி நடந்தால் கூடவே வரலாம். அதற்கு மேல் ஓட்டுவது பார்க்கவும் கப்பல் மாதிரி இருக்காது, திருப்பத்தில் படுக்கவும் செய்யும்.

*முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் படுத்தால்* மேலே சொன்னது எதுவும் காரணமில்லை. உள்ளே தண்ணீர் சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. ஒரு லிட்டர் போதும். உடனே கரைக்குக் கொண்டுவாருங்கள்.

3. உள்ளே தண்ணீர்

கப்பலைப் பிரிக்கும் முன் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிய வேண்டும். உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அடியில் நாளிதழைத் துண்டு துண்டாகப் பரப்பி, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதுங்கள். தொட்டியில் அரை மணி நேரம் அசையாமல் மிதக்க விடுங்கள். முதலில் எந்த எண் ஈரமாகிறது என்று பாருங்கள்.

*ஒன்றுமே ஈரமாகவில்லை, குட்டையில் மட்டும் தண்ணீர் வருகிறது.* மேலிருந்து வருகிறது. மேல்தள மூடியின் ஓரம், லிப்ட் துளை, பக்கத்துத் திறப்புகள். மூடியைச் சுற்றி உள்பக்கமாக ஒரு செ.மீ. உயரத்துக்கு வரம்பு கட்டினால் முக்கால்வாசி நின்றுவிடும். ஒரு வரம்புக்குச் செலவு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) மரச்சட்டம்.

*பின்பக்கத் துண்டு ஈரம்.* சுக்கான் தண்டு அல்லது ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு) போகும் குழாய். சுக்கான் தண்டின் குழாய் தண்ணீர்க் கோட்டுக்கு மேல் முடிகிறதா என்று பாருங்கள். கீழே முடிந்தால் அதுதான் குற்றவாளி, குழாயை நீட்டி ஒட்டுங்கள். அது சரியாக இருந்தால் ஷாஃப்ட்டை வெளியே இழுத்துக் குழாயில் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்து மஞ்சளாகி இருந்தால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, படகுக்குப் போடும் தண்ணீர் தாங்கும் கிரீஸை மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றுங்கள். இருபது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை இது வேண்டும்.

கிரீஸ் போட்டும் ஒழுகினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது அதைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் வளைவு. சுத்தியலால் நிமிர்த்த முயலாதீர்கள், நான் முயன்று மூன்று ஷாஃப்ட்டைக் கெடுத்தேன். லேத் கடைக்குக் கொண்டுபோங்கள். ஷாஃப்ட்டையும் குழாயையும் சேர்த்தே கொடுத்து, இரண்டுக்கும் பொருந்தப் புதிய பித்தளை புஷ் கடைந்து தரச் சொல்லுங்கள்.

*நடுத்துண்டு ஈரம்.* இது உடம்பின் இணைப்பு. உள்பக்க இணைப்புகள் எல்லாவற்றிலும் பவுடரைத் தூவி, கப்பலைத் தொட்டியில் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி விழும். பிறகு அது எறும்பு ஊர்ந்த தடம் போல நீளும். அந்தப் புள்ளியிலேயே பென்சிலால் வட்டம் போடுங்கள், ஐந்து நிமிடம் தாமதித்தால் பவுடர் முழுக்க நனைந்து இடம் தெரியாமல் போய்விடும். காயவைத்து, சுரண்டி, எப்பாக்ஸியும் ஃபைபர் துணியும் உள்பக்கமாக ஒரு கைவிரல் அகலத்துக்கு ஒட்டுங்கள்.

ஒரே இணைப்பில் மூன்று நான்கு வட்டம் விழுந்தால், அல்லது பலகையை நகத்தால் அழுத்தும்போது பஞ்சு போல அமுங்கினால், ஒட்டுப்போடும் கட்டம் தாண்டிவிட்டது. கோலா சிலாங்கூர் பக்கம் மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடிப்பக்கம் முழுக்க ஒரு சுற்று போட்டுத்தரச் சொல்லலாம். போடும் முன்பே எடையைச் சொல்லிவிடுங்கள். படகுக்குப் போடுகிற பழக்கத்தில் அவர்கள் மூன்று சுற்றுப் போட்டுவிடுவார்கள், உங்கள் ஈயக் கணக்கு அன்றோடு முடிந்தது. மெல்லிய துணி, ஒரே சுற்று.

4. மேல்தளம் வளைகிறது

அக்டோபர், நவம்பரில்தான் இது வரும். தினம் சாயங்காலம் மழை, சுவர்கூட வியர்க்கும். ஒரு நாள் காலையில் துணியை விலக்கினால் மேல்தளம் தோணி மாதிரி குழிந்து நிற்கும்.

முதலில் வளைவின் திசையைப் பாருங்கள். *ஓரங்கள் மேலே தூக்கி நடு குழிந்திருந்தால்*, அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்திருக்கிறது. மேலே பெயிண்ட் இருக்கும், அடியில் வெறும் பலகை. ஏறக்குறைய எல்லாரும் செய்கிற தவறு, கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று விட்டுவிடுகிறோம். மேல்தளத்தைக் கழற்றி, ஈரம் குடித்த பக்கம் வானத்தைப் பார்க்க, காலை வெயிலில் வையுங்கள். ஒன்பது மணிக்கு வைத்தால் பத்தரைக்குள் நிமிர்ந்துவிடும். பக்கத்திலேயே இருங்கள், விட்டால் மறுபக்கம் வளையும். நிமிர்ந்த உடனே உள்ளே எடுத்து, சமமான தரையில் கனம் ஏற்றி ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் அடிப்பக்கத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் இரண்டு கோட் எப்பாக்ஸியோ வார்னிஷோ கொடுங்கள். விளிம்பை விட்டுவிடாதீர்கள், பிளைவுட் தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

*நீளவாட்டில் தொய்ந்திருந்தால்* தாங்குவதற்குக் கீழே ஆளில்லை. விமானக் கூடம் காலியாக இருக்க வேண்டும் என்று குறுக்குச் சட்டங்களைக் குறைத்திருப்பீர்கள். பத்து செ.மீ.க்கு ஒன்று வேண்டும். மெல்லிய சட்டம் போதும், பலகையை நிமிர்த்திக் குத்தாக வைத்தால் பலம் கூடும், எடை கூடாது.

*பாகங்கள் ஒன்றையொன்று முட்டித் தூக்கினால்* இடைவெளி விடவில்லை. மேல்தளத்தை ஒரே துண்டாகப் போடாமல் மூன்றாகப் போட்டு, நடுவே ஒரு மி.மீ. விடுங்கள். கோடு போட்டால் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது.

பலகை ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் வேறு வழியில்லை, புதிதாக வெட்டுங்கள். வாங்கும்போது படகுக்குரிய பிளைவுட் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பலகையின் பசை நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலம் தாங்குவதே அதிகம்.

5. நேராக விட்டாலும் ஒரே பக்கம் சுற்றுகிறது

விக்ராந்துக்கு இரண்டு ஷாஃப்ட். அதனால் இந்தக் கோளாறு வந்தால் சுக்கானைத் தொடுமுன் இரண்டு புரொப்பெல்லரையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று கடினமாகச் சுற்றினால் பாசி, நைலான் நூல், ஆகாயத்தாமரை வேர். எடுத்துவிட்டால் முடிந்தது. பத்தில் ஆறு தடவை இதுதான்.

ஒன்று மிக எளிதாகச் சுற்றினால், மோட்டாரைத் திருப்பாமலே சுற்றினால், மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கின் சின்ன ஆலன் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. ஷாஃப்ட்டில் அந்த இடத்தை அரத்தால் தட்டையாக ராவி, ஸ்குரூ அந்தத் தட்டையில் உட்காரும்படி இறுக்குங்கள்.

இரண்டும் ஒரே மாதிரி சுற்றுகிறதா? அப்படியானால் இழுவையை நிறுத்துப் பாருங்கள். தொட்டியில் கப்பலின் பின்பக்கம் கயிறு கட்டி, தொங்கு தராசில் மாட்டி, ஒரு மோட்டாரை மட்டும் முழு வேகத்தில் ஓட்டி எண்ணைக் குறியுங்கள். பிறகு மற்றொன்று. வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் ரிமோட்டில் சுக்கானைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் போதும். அதற்கு மேல் என்றால் மோட்டார்களை இடம் மாற்றி மாட்டுங்கள். பலவீனம் மோட்டாரோடு சேர்ந்து இடம் மாறினால் மோட்டார் கோளாறு. மாறாமல் அதே பக்கத்தில் இருந்தால் ஷாஃப்ட் அல்லது வயர்.

*புதிதாகக் கட்டிய கப்பல், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினால்* புரொப்பெல்லரின் கையைப் பாருங்கள். இரட்டை ஷாஃப்ட் கப்பலுக்கு ஒன்று வலக்கை, ஒன்று இடக்கை வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கத்தது கடிகார முள் திசையிலும் இடப்பக்கத்தது எதிர்த்திசையிலும் சுற்றிக் கப்பலை முன்னே தள்ள வேண்டும். எனக்குத் தபாலில் வந்த ஜோடியில் இரண்டுமே வலக்கை. உறையில் ஜோடி என்று அச்சிட்டிருந்ததால் ஒரு வாரம் வயரையே நோண்டிக்கொண்டிருந்தேன். வாங்கியதும் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பாருங்கள், கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும்.

*திரும்பவே மாட்டேன் என்றால்* சுக்கான் சிறியது. அசல் அளவில் செய்த சுக்கான் மாடலுக்குப் போதாது. ஒன்றரை மடங்காக்குங்கள், தண்ணீருக்கு அடியில் யாரும் பார்க்கப்போவதில்லை.

6. நடுவழியில் கட்டளை கேட்பதில்லை

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.9க்குக் கீழே என்றால் வேறு எதையும் பார்க்காமல் சார்ஜ் போடுங்கள். ஆனால் சும்மா இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். புரொப்பெல்லர் தொட்டித் தண்ணீரில் முழு வேகத்தில் ஓடும்போது மீட்டரை வையுங்கள். அப்போது 11க்குக் கீழே விழுந்தால் பேட்டரி கிழடு. ரிசீவருக்குப் போகும் மின்சாரமும் அதோடு விழுவதால்தான் கப்பல் பேச்சுக் கேட்பதில்லை.

இந்த ஈய பேட்டரியைக் காலியாக விட்டால் மாதக்கணக்கில் உயிர் போய்விடும். ஓட்டாவிட்டாலும் மாதம் ஒரு தடவை சார்ஜ். கப்பலுக்குள் வைத்து மூடிச் சார்ஜ் போடாதீர்கள், வாயு வரும். வெளியே எடுத்துப் போடுங்கள். உப்பியிருந்தால், அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அதோடு நிறுத்தி பேட்டரி கடையில் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தால் ஆன்டெனா. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. ரிசீவர் கப்பலின் அடியில் கிடந்தால், கரையிலிருந்து நாற்பது மீட்டரில் தொடர்பு அறுந்துவிடும். ஆன்டெனா முனையைத் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, கோபுரத்துக்குள் கொண்டுபோங்கள். இரண்டு முனை இருந்தால் ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைப் படுக்கவைத்தும் ஒட்டுங்கள்.

மோட்டார் ஓடும்போது மட்டும் சுக்கான் நடுங்கினால் மோட்டாரின் இரைச்சல். ஒவ்வொரு மோட்டாரிலும் இரண்டு முனைக்கும் நடுவே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடம்புக்கு ஒன்று என்று 0.1 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் மூன்று சால்டர் செய்யுங்கள்.

எல்லாம் சரியானபின் ஒரு கடைசிச் சோதனை, இதைத் தவிர்க்காதீர்கள். தொட்டியில் மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். புரொப்பெல்லர் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் ரிசீவரின் கையேட்டைப் பார்த்து, தொடர்பு அறுந்தால் வேகம் பூஜ்யம் என்று பதியுங்கள். இருபது கிலோ கப்பல் கட்டுப்பாடில்லாமல் கரைக்கு வருவது கால் நனைக்கும் குழந்தைகளுக்கு நல்லதில்லை.

7. மோட்டார் அல்லது வயர் சுடுகிறது

பத்து நிமிடம் ஓட்டி, மோட்டார் மேல் கை வையுங்கள். ஐந்து விநாடி வைக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் பாசி சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த அளவு சின்ன புரொப்பெல்லர் போட்டுப் பாருங்கள். முக்கால்வாசி அதில் தீரும். அது தீர்க்காவிட்டால் மோட்டாரும் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் இல்லை.

வயரின் பிளாஸ்டிக் மிருதுவானால், அல்லது பியூஸ் இரண்டாவது தடவையும் போனால், பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்கக் கூடாது. வண்டிக்கு வயரிங் செய்கிறவரிடம் கொண்டுபோய் ஆம்பியர் அளந்து தடிமனான வயர் போடச் சொல்லுங்கள். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

8. சின்னச் சின்னத் தொல்லைகள்

ரெசின் மூன்று நாளாகியும் பிசுபிசு என்றால், எப்பாக்ஸியாக இருந்தால் முதலில் தண்ணீரும் ஸ்பாஞ்சும் கொண்டு கழுவிப் பாருங்கள், மழை நாளில் மேலே ஒரு மெழுகுப் படலம் பூக்கும். கழுவியும் ஒட்டினால் கலவை அளவு தப்பு, சுரண்டி எடுக்க வேண்டியதுதான். ஸ்ப்ரே பெயிண்ட் வெளுத்துப் பனி படர்ந்த மாதிரி ஆனால் அதுவும் ஈரம்தான்; காய்ந்த காலையில் மெல்லியதாக இன்னொரு கோட்.

3டி பிரிண்டரில் செய்த விமானங்களின் இறக்கை தொங்கினால் அவற்றை வண்டிக்குள் வெயிலில் விட்டிருப்பீர்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை வெப்பத்திலேயே இளகும். மறுபடி அச்சடிக்கும்போது அதைவிட வெப்பம் தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக் போடுங்கள்.

பல்சா மரத்துக்குக் கீழே தூள் கொட்டிக் கிடந்தால் அன்றைக்கே கப்பலைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். இரும்புக் கால் போட்ட மேசை, அதன் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில். கறையானும் எறும்பும் நம் ஊரில் வருடம் முழுக்க வேலை செய்கின்றன.

வண்டியில் கொண்டுபோன பிறகு பக்கவாட்டில் விரிசல் கண்டால், தாங்கு கட்டை குறுக்குப்பலகைக்கு நேர் கீழே இல்லை. கட்டையின் இடத்தைக் கப்பலின் அடியிலேயே பெயிண்டால் குறித்து வையுங்கள்.

9. குட்டை நடுவில் நின்றுவிட்டது

பேசாமல் நில்லுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். விமானந்தாங்கியின் பக்கம் உயரமானது, பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். காலை ஏழு மணிக் காற்றில்கூட அரை மணி, முக்கால் மணியில் எதிர்க்கரைக்கு வந்துவிடும். அங்கே போய்க் காத்திருங்கள்.

வராவிட்டால் தூண்டில் கோல், முனையில் டென்னிஸ் பந்து. கப்பலுக்கு அப்பால் வீசி, நூலைக் கப்பலின் குறுக்கே விழவைத்து மெதுவாகச் சுற்றினால் பந்து எங்காவது கொளுவிக்கொள்ளும். என் கப்பலின் மூக்கிலும் பின்பக்கத்திலும் இதற்காகவே சின்னக் கொக்கி வைத்திருக்கிறேன்.

தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. ஈயக்குட்டையின் கரை படிப்படியாக ஆழமாவதில்லை, இரண்டு எட்டில் காலுக்கடியில் மண் இல்லாமல் போகும். நீச்சல் தெரிந்தவர்களையும் அடிச்சேறு பிடித்துக்கொள்ளும். தூண்டிலுக்கும் எட்டாவிட்டால் படகும் மிதவைச் சட்டையும் உள்ள மீன்காரரைக் கூப்பிடுங்கள். அவர் எண்ணை அன்றைக்குத் தேடாமல் ரிமோட் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டி வையுங்கள். சாயங்காலம் இடி கேட்டால் கப்பலை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அடியில் மூலைக்கு மூலை நுரைத்துண்டு அடைத்திருந்தால் அது மூழ்காது, மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.